ஆறு வீட்டுக் கறை

பெயிண்டர் கொடுக்கவேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூற்றைம்பது. மாதம் பதின்மூவாயிரத்து இருநூறு வீதம் மூன்று மாத வாடகை, அதன் தலையில் தண்ணீர்க் காசு ஆயிரத்து எழுநூற்றைம்பது. சாரத்தில் கால் வழுக்கித் தோள்பட்டை பிசகி, வலது கையைத் தூக்கமுடியாமல் எழுபது நாள் வீட்டோடு கிடந்தபோது சேர்ந்தது அது. கை இப்போது தூக்க வந்துவிட்டது. பாக்கிதான் இறங்க வரவில்லை.

மாதக் கடைசிக்குள் மொத்தமும் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கட்டடத்துக்குச் சொந்தக்கார அம்மா நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தார். இங்கே வாடகை வாங்குவது, மோட்டார் போடுவது, ஆளை மிரட்டுவது எல்லாம் மேனேஜரின் பொறுப்பு. இடுப்பு வாரில் இருபது சாவி தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்து சேரும். அதனால் ஆறு வீட்டிலும் அவருக்குச் சாவிக்கொத்து என்றே பேர்.

காலி செய்தால் போவது எங்கே என்று பெயிண்டருக்குத் தெரியவில்லை. இந்த வாடகைக்கு இந்த நகரத்தில் ஒரு மாட்டுக்கொட்டகை கூடக் கிடைக்காது. நகரத்துக்கு வெளியே போனால் பஸ் இரண்டு மாறி ஒன்றரை மணி நேரம். மனைவி ஓட்டல் சலவைக்கூடத்தில் காலை ஆறரைக்கு நிற்கவேண்டியவள். மகளுக்கு இன்னும் ஏழு வாரத்தில் பொதுத்தேர்வு.

சரி, சுற்றிலும் எல்லாம் ஏறிக் கிடக்கும்போது இந்தக் கட்டடத்தில் மட்டும் வாடகை எப்படிப் பதின்மூன்றிலேயே நின்றது? அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

நான்கு வருடத்துக்கு முன்னால் தெருமுனையில் ரயில் நிலையம் வந்தது. அது வந்த ஆறாம் மாதம் எதிர்க்கட்டடத்தில் டைல்ஸ் மாற்றினார்கள், வெளியே இரண்டு கோட்டிங் அடித்தார்கள், பதினாலாயிரமாக இருந்த வாடகையை இருபத்திரண்டாக்கினார்கள். அங்கே பதினைந்து வருடமாக இருந்தவர்கள் ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பமாகச் சாமான் வண்டி ஏறினார்கள். இங்கே இருந்த ஆறு வீட்டுக்காரர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் கூடினார்கள். பேச்சை எடுத்தவர் தரைத்தளத்துத் தையல்காரம்மா.

"எதிர்ல ஏன் ஏத்தினான்? பளபளன்னு ஆக்கினான், ஏத்தினான். நம்ம வீடு நாளைக்கு விழுற வீடு மாதிரி இருந்தா எவன் வந்து இருபத்திரண்டு குடுப்பான்?"

எல்லாருடைய கண்ணும் பெயிண்டர் பக்கம் திரும்பியது.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? நான் சுவத்தை அழகாக்குற ஆளு."

"அழகாக்கத் தெரிஞ்ச கைக்கு அசிங்கமாக்கத் தெரியாதாக்கும்."

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. ஸ்டெய்னர் என்கிற பழுப்புச் சாயத்தில் துளி கறுப்புக் கலந்து, தேயிலைத் தண்ணீரில் நீர்க்கவிட்டு, பஞ்சால் ஒற்றி எடுத்தால் ஈரக்கறை. ஓரம் காய்வதற்குள் ஈரத்துணியால் இழுத்துவிட்டால் அது நேற்று வந்த கறை. காய்ந்த பிறகு வெளியே இன்னொரு வளையம் போட்டால் போன மழைக்கே வந்த கறை. விளிம்பில், சுவர்ப்பள்ளம் அடைக்கும் வெள்ளைப் பட்டிமாவைத் தூவி ஊதிவிட்டால் சுவரில் உப்புப் பூத்தது போலவே இருக்கும். கறையைக் கண்ட இடத்தில் போட்டால் குட்டு உடைந்துவிடும் என்பதால், குளியலறைக் குழாய் போகும் இடம், அதற்குக் கீழ்வீட்டுக் கூரை, ஜன்னலின் கீழ்மூலை என்று, நிஜமாக ஈரம் வந்தால் எங்கே வருமோ அங்கேயே பார்த்துப் பார்த்துப் போட்டார். ஆறு வீட்டுக்கும் ஒரே நிபந்தனை வைத்தார்: கறையை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கையோடு வந்துவிடும்.

வாசலில் ஒரு புகார் நோட்டு ஆணியில் தொங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறு வீட்டுக்காரர்களும் அதில் 'கூரையில் ஈரம் கசிகிறது, சுவரில் ஈரம் ஏறுகிறது' என்று எழுதுவார்கள். சாவிக்கொத்து வந்து அண்ணாந்து பார்ப்பார், நாக்கைச் சப்புக்கொட்டுவார், 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். பழுது பார்க்கக் காசு செலவழிக்க அந்த அம்மாவுக்கு மனசில்லை. பழுது பார்க்காத வீட்டுக்கு வாடகை ஏற்ற சாவிக்கொத்துக்கு வாயில்லை. இப்படியே நான்கு வருடம் ஓடியது.

"ஊர்ல இருக்குற சுவத்துக்கெல்லாம் பவுடர் போட்டுட்டு வர்றீங்க. சொந்த வீட்டு மூஞ்சியில மட்டும் கரி" என்று மனைவி அவ்வப்போது சொல்லுவாள். சொல்லிக்கொண்டே, சாவிச் சத்தம் கேட்டால் ஈரத்துணியை வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போடுவதும் அவள்தான்.

கை தேறி வேலைக்குப் போன இரண்டாம் வாரம், ஒரு சாயங்காலம் பெயிண்டர் உள்ளறையில் சட்டையைக் கழற்றும்போது தற்செயலாக மேலே பார்த்தார். மகள் படுக்கிற மெத்தைக்கு நேர் மேலே அவர் போட்ட கறை இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு, இரண்டு வளையம். அவர் போட்டது இரண்டுதான். இப்போது மூன்று இருந்தது.

"வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா? சாவி உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, இவகிட்ட ஒண்ணு." மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்?"

"மூணாவது வளையம் யாரு போட்டது?"

அவள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கறையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "நீங்கதான் போட்டிருப்பீங்க. பாக்கி இருக்கு, பயம் இருக்கு, கை சும்மா கிடக்குமா?"

"நான் போட்டது எனக்குத் தெரியாதா? என் கை இப்படி இழுக்காது. இது வேற கை."

எழுதினவனுக்குத் தன் எழுத்து தெரிவதுபோல், பஞ்சு பிடித்தவனுக்குத் தன் ஒற்று தெரியும். இந்த மூன்றாவது வளையத்தில் ஒற்றே இல்லை. வழவழவென்று நழுவிப் போயிருந்தது. பஞ்சு இல்லாமல் இப்படிப் போட ஒருவனுக்குப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க ஒரே ஓர் ஆள் கண்முன் வந்து நின்றான்.

நேர் மேல்வீட்டில் எலக்ட்ரீஷியன் குடியிருந்தான். கட்டடத்தில் எது அணைந்தாலும் அவனைக் கூப்பிடுவார்கள் என்பதால் ஃபியூஸ் என்று பேர் விழுந்துவிட்டது. தோள் பிசகிக் கிடந்த நாளில் ஃபியூஸ்தான் வந்து மின்விசிறியைக் கழற்றிச் சரி செய்தான். அன்று பெயிண்டர் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்; மனைவி வேலைக்குப் போகும் அவசரத்தில் சாவியை அவனிடம் கொடுத்தாள், மறுநாள்தான் திருப்பி வாங்கினாள். ஒரு சாவிக்கு இன்னொரு சாவி வெட்ட ஒரு ராத்திரியா வேண்டும்? பத்து நிமிஷம் போதும். அதுவுமில்லாமல், அவனுடைய தம்பி புதிதாகக் கல்யாணமாகி, புதுப்பெண்ணோடு அவன் வீட்டுக் கூடத்திலேயே திரை கட்டிக்கொண்டு இருந்தான். "அண்ணே, நீங்க காலி பண்ணினா என்கிட்டதான் முதல்ல சொல்லணும்" என்று ஃபியூஸ் இரண்டு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அப்போது பெயிண்டரும் சிரித்தார். இப்போது அந்தச் சிரிப்பை எடுத்து வைத்துப் பார்த்தால் அதில் சிரிப்பே இல்லை.

கணக்கு நேராக விழுந்தது. ஆறு வீட்டில் பெயிண்டர் வீட்டுக் கறை மட்டும் பெரிதானால், இந்த வீடு குடியிருக்க லாயக்கில்லை, பழுது பார்க்கவேண்டும், காலி செய் என்று சாவிக்கொத்து சொல்லுவார். பாக்கிக்காரன் வாயைத் திறக்க முடியாது. காலியான வீட்டில் தம்பி வந்து உட்காருவான்.

மறுநாள் காலையில் படியிறங்கும்போது தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார்.

"உங்க வீட்டுல வளையம் கூடிப்போச்சாமே, தம்பி."

"யாரு சொன்னா?"

"உங்க பொண்ணுதான். ஸ்கூல் பாவாடைக்கு மடிப்புப் பிரிக்க வந்தா, சொன்னா." கத்தரிக்கோலால் தலையைச் சொறிந்தார். "பேசினது ஆறு வீட்டுக்கும் ஒரே அளவுன்னு. உங்களுக்கு மட்டும் பெருசாப் போட்டுக்கிட்டு, சாவிக்கொத்துகிட்ட தனியா வாடகை குறைக்கச் சொல்லப் போறீங்களோ என்னமோ."

"அக்கா, நான் அப்படிப்பட்ட ஆளா?"

"நான் எங்க சொன்னேன்? கேட்டேன்."

போட்டது இவர் இல்லை என்று இவர் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆறு வீட்டிலும் கறை போடுகிற ஒரே ஆள் இவர்தான். படியிறங்கி வேலைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் பென்சிலை எடுத்து, ஸ்டூலில் ஏறி, கறையின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி போட்டார். கறை மேல் விரல் படாமல்தான் இழுத்தார். அது அவரே வைத்த சட்டம். மறுநாள் காலை எல்லாரும் கிளம்பும் நேரத்தில் வாசற்படிக்கு உள்பக்கம் பட்டிமாவை ஒரு முழம் அகலத்துக்குச் சலித்துத் தூவினார். சாயங்காலம் முதலில் வருகிறவள் மகள்.

"கதவைத் திறந்த உடனே காலை வைக்காதே. மாவுல யாரு காலாவது இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் வை."

"அப்பா, வீட்டுல திருட என்ன இருக்கு?"

"சொன்னதைச் செய்."

சாயங்காலம் மகள் அறிக்கை கொடுத்தாள்: "மாவு அப்படியே இருந்துச்சு. பல்லி ஒண்ணு போயிருக்கு. அப்புறம் நான்." பெயிண்டர் உள்ளறைக்குப் போய்ப் பார்த்தார். கறை பென்சில் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை வெளியே வந்திருந்தது.

உட்கார்ந்து யோசித்தார். மகளின் கையை இழுத்து, பழுப்பு ஏதாவது தெரிகிறதா என்று நகத்தைப் பார்த்தார். பேனா மைதான் இருந்தது. பார்த்த பிறகு அவருக்கே கூசியது.

"அடுத்து என் நகத்தைப் பாருங்க" என்று மனைவி கையை நீட்டினாள். "பத்தும் இருக்கு. சோடாவுல ஊறி வெளுத்துப்போய்."

"விளையாடாதே. வீடு போகப்போகுது."

"வீடு பாக்கியில போகும். கறையில போகாது."

அவள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. மாவில் கால்தடம் இல்லை என்பதை ஃபியூஸ் வராததற்குச் சாட்சியாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை, ஃபியூஸ் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். ஏணிமேல் நின்று ஒற்றைக்காலில் வயர் இழுக்கிறவனுக்கு ஒரு முழ மாவைத் தாண்டத் தெரியாதா? சந்தேகம் புகுந்த தலையில் எதைப் போட்டாலும் அது சந்தேகத்துக்கே தீனியாகப் போனது.

பத்தாம் தேதி பெயிண்ட் கடையில் பிரைமர் வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் சாவிச் சத்தம் கேட்டது.

"கை தேவலையா, பெயிண்டர்?"

"பரவாயில்லை சார். பாக்கிக்குத்தான் நாளைக்கு முதலாளிகிட்ட முன்பணம்…"

"அதை விடுங்க. வாங்க, டீ சாப்பிடலாம்."

சாவிக்கொத்து டீ வாங்கிக் கொடுப்பது அந்தத் தெரு பார்க்காத அதிசயம். பெயிண்டர் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டாரே தவிர, குடிக்கவில்லை.

"பழுப்பு ஸ்டெய்னர் பாட்டில் வருஷத்துக்கு நாலு வாங்குறீங்களாமே. கடைக்காரர் சொன்னாரு. நீங்க வேலை செய்யுற சைட்டெல்லாம் வெள்ளையும் சந்தனமும்தான். பழுப்பு எங்க போகுது?"

பெயிண்டர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"பயப்படாதீங்க. எல்லாம் பொய்க்கறைன்னு நான் அம்மாகிட்டப் போய்ச் சொன்னா, நாலு வருஷமா நீ என்னத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்னு என்னையும் கேப்பாங்க. எனக்கு எதுக்கு அந்த வம்பு? ஒரு வீட்டை மட்டும் சொல்லுங்க. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வாடகையை ஏத்திக்கிறேன். உங்க பாக்கியில ஒரு மாசம் கழிச்சிடுறேன்." குரலைத் தாழ்த்தினார். "மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் நேத்து வந்தான். பாத்ரூம் சுவத்துல நெசமாவே ஈரம், ப்ளம்பரை அனுப்புங்கன்னு நிக்கிறான். அனுப்பவா, வேணாமா? அது நெசமா, உங்க கைவேலையா?"

பெயிண்டருக்கு எல்லாம் ஒரே கணத்தில் வெளிச்சமானது போல் இருந்தது. அப்படியா சங்கதி. கீழ்வீட்டுக் கறையைப் பெரிதாக்கிவிட்டு, தன் வீட்டிலும் ஈரம் என்று நடிக்கிறான். ப்ளம்பர் வந்தால் கீழேயும் இடிக்கவேண்டும் என்பான். காலி செய் என்பார்கள். அந்தக் குளியலறைச் சுவரில் பஞ்சு பிடித்து ஒற்றியது யார்? இவர்தானே. நான்கு வருடத்துக்கு முன்னால், ஃபியூஸின் மனைவி விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்க, இந்தக் கையால்தானே போட்டார்.

"அது நான் போட்டதுதான் சார்."

"நிச்சயமா?"

"என் கை எனக்குத் தெரியாதா?"

சாவிக்கொத்து சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, பத்தாம் தேதி என்று போட்டு, பதின்மூவாயிரத்து இருநூறைக் கழித்து, இருபத்தெட்டாயிரத்து நூற்றைம்பது என்று எழுதிக் காட்டினார். ப்ளம்பருக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று சொன்னார். டீக்குக் காசையும் அவரே கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் பெயிண்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. போட்டது நான்தான், போட்டதைத்தான் சொன்னேன். இத்தனை தடவை ஏன் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பதினான்காம் தேதி, பகல் பதினொரு மணி. மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்று உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குப் போன் வந்தது. தையல்காரம்மா.

"தம்பி, உடனே வாங்க. உங்க கூரை விழுந்துருச்சு."

மகளுக்கு அன்று படிப்பு விடுமுறை. காலையில் கிளம்பும்போது மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு?"

"என்கிட்டதான் உக்காந்திருக்கா. பாவாடையில பிரிச்ச மடிப்பைத் தைக்க வந்தவளை நான்தான் பேச்சுக் குடுத்து உக்கார வச்சேன். ஒண்ணுமில்ல. நீங்க பார்த்து இறங்குங்க, மறுபடி விழுந்து தொலைக்காதீங்க."

அவர் சாரத்திலிருந்து எப்படி இறங்கினார், பஸ்ஸில் டிக்கெட் வாங்கினாரா என்பதெல்லாம் பிறகு நினைவில்லை. உள்ளறையில் மெத்தையின் மேல் ஒரு கதவு அளவுக்குச் சிமென்ட் பூச்சு விழுந்து கிடந்தது. கணக்கு நோட்டின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது. மேலே கம்பி துருப்பிடித்துப் பல்லை இளித்தது. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

பெயிண்டர் ஸ்டூலில் ஏறி, விழாமல் தொங்கிய பாதிக் கறையின் மேல் உள்ளங்கையை வைத்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாகத் தொட்டார். ஐஸ் போலச் சில்லிட்டது. அவர் போட்ட கறை எதுவும் குளிராது. ஒரு தடவை, ஒரே ஒரு விரல் வைத்திருந்தால் மூன்றாவது வளையம் அன்று வந்தபோதே தெரிந்திருக்கும். பெயிண்டருக்கே தெரியாவிட்டால் வேறு எவனுக்குத் தெரியும்? ஆனால் தான் போட்டதைத் தானே யார் தொட்டுப் பார்ப்பார்கள்? நிஜ ஈரம் எங்கே வருமோ அங்கேயே பார்த்துப் போட்ட கெட்டிக்காரத்தனம், நிஜ ஈரம் வந்தபோது அதற்குப் போர்வையாகப் போய்விட்டது.

வாசலில் ஃபியூஸ் நின்றான்.

"என் பாத்ரூம் குழாய்தாண்ணே. சுவத்துக்குள்ள வெடிச்சிருக்கு. முதல்ல நானும் உங்க கைவரிசைன்னுதான் விட்டுட்டேன், தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களேன்னு. அப்புறம் சுவிட்சுல கை வச்சா லேசா அடிச்சுது. அப்பதான் சந்தேகம் வந்து சாவிக்கொத்துகிட்டப் போனேன். அனுப்புறேன்னாரு. ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டா சிரிக்கிறாரு. 'அது பொய்க்கறைன்னு எனக்குத் தெரியும்'ங்கிறாரு. எவனோ போட்டுக் குடுத்திருக்கான்." குரலைத் தாழ்த்தினான். "எனக்கு அந்தத் தையல்காரம்மா மேலதான் சந்தேகம்."

"அவங்க இல்ல" என்றார் பெயிண்டர். மெத்தையைக் காலிசெய்ய அவனும் ஒரு பக்கம் பிடித்தான்.

மறுநாள் காலை சொந்தக்கார அம்மாவே வந்தார். கறுப்புக் கண்ணாடியும் கையில் கோப்புமாக, ஏதோ வங்கியில் பெரிய வேலை பார்ப்பவர் போல இருந்தார். ஷூவைக் கழற்றாமல் உள்ளறை வரை போய், மேலே பார்த்து, கீழே மெத்தையைப் பார்த்து, நோட்டை எடுத்துத் தூசி தட்டி மகளிடம் கொடுத்தார்.

"நீ இங்கதான் படுப்பியா?"

"ஆமா."

தையல்காரம்மா அழைக்காமலே வந்து, புகார் நோட்டை நீட்டினார். "நாலு வருஷமா எழுதுறோம்மா. பதினாறு தடவை. பதினாறு கையெழுத்தும் இவரோடது. எண்ணிக்குங்க."

அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சாவிக்கொத்து ஓர் அடி முன்னால் வந்தார்.

"அம்மா, இதுல பாதி…"

"இதுல பாதி?"

சாவிக்கொத்து பெயிண்டரைப் பார்த்தார். பெயிண்டர் சாவிக்கொத்தைப் பார்த்தார். பாதி பொய் என்றால், பொய்யென்று எப்போது தெரியும்? தெரிந்து ஏன் கையெழுத்துப் போட்டாய்? ஏன் ப்ளம்பரை நிறுத்தினாய்? அம்மா கேட்கப்போகும் கேள்வி ஒவ்வொன்றாகச் சாவிக்கொத்தின் முகத்தில் ஓடியது.

"ஒண்ணுமில்லம்மா. பாதி எழுத்து சரியாத் தெரியல."

அம்மா நோட்டை மூடினார். இந்த நோட்டு நகராட்சிப் பொறியாளர் மேசைக்குப் போனால் கட்டடத்துக்கே பூட்டு விழும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று பெயிண்டரை நேராகக் கேட்டார்.

பெயிண்டர் பயந்தது இந்தக் கேள்விக்குத்தான். இவ்வளவு லேசாகக் கேட்கிறாரென்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

"வீடு வேணும்மா. பொண்ணு பரீட்சை எழுதணும்."

"பாக்கி எவ்வளவு?"

"இருபத்தெட்டாயிரத்து நூத்தம்பது."

"தள்ளுபடி. இன்னைக்கே எழுதிக்கலாம். நீங்க இதை வெளியில கொண்டுபோகக்கூடாது."

காகிதத்தைச் சாவிக்கொத்து கார்பன் வைத்து இரண்டு பிரதியாக எழுதினார். அம்மா கீழே காரில் போய் உட்கார்ந்தார். பெயிண்டரோ தொழிற்சங்கத்துப் படிப்பு வகுப்பில் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டக் கற்றவர். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய, ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். சாவிக்கொத்து சாவியைக் குலுக்கிக்கொண்டு அவசரப்படுத்தினார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

"பழுது பார்க்க வீட்டைக் காலி செஞ்சு தர்றேன்னு இருக்கு. திரும்பி எப்ப வர்றதுன்னு இல்லையே."

"அது சும்மா வழக்கமா எழுதுறது."

"அப்ப சும்மா அடிச்சிடுங்க."

மனைவி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். சாவிக்கொத்து கீழே போய்க் கேட்டுவிட்டு வந்து அந்த வரியை அடித்தார். குடியிருக்கும்போதே ஒவ்வோர் அறையாக வேலை நடக்கும், தேர்வு முடியும்வரை பழைய வாடகை, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். மேல்வீட்டுக்காரன் போடட்டும். அவன் வீட்டுக் குழாய்தானே."

பெயிண்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். பத்துப் படிதான், ஏற ரொம்ப நேரமானது. ஃபியூஸ் கதவைத் திறந்து, காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். கூடத்தில் திரை இல்லை. பெயிண்டர் அதை அப்போதுதான் கவனித்தார்.

"தம்பி எங்க?"

"அவன் போன மாசமே மாமனார் வீட்டோட போயிட்டானே. தெரியாதா?" படித்துக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "மொத்தப் பாக்கி நாப்பத்தோராயிரம் சொச்சம். அதுல பதின்மூணாயிரத்து இருநூறு பத்தாம் தேதியே கழிச்சதுன்னு போட்டிருக்கு. கூரை விழுந்தது பதினாலு. பத்தாம் தேதி எதுக்குண்ணே கழிச்சாரு?"

கையில் பேனா இருந்தது, கீழே கார் நின்றது. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வேலை செய்ததற்குக் கூலி என்றால் போதும்.

"உன் வீட்டுக் கறை பொய்னு நான்தான் சொன்னேன்."

ஃபியூஸ் காகிதத்தைத் தாழ்த்தினான்.

"என் வீட்டுக் கறையை நீ வந்து பெருசாக்குறேன்னு நினைச்சேன். தம்பிக்கு வீடு வேணும்னு."

"சுவிட்சுல எனக்குக் கரன்ட் அடிச்சுது, அண்ணே. என் பையன் அந்தச் சுவத்துல சாஞ்சுதான் குளிப்பான்."

பெயிண்டர் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே வெடித்த குழாய்க்குக் கீழே வைத்த வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"இப்ப நான் கீழ போய் அந்தம்மாகிட்ட, ஆறு வீட்டுலயும் இவருதான் வரைஞ்சாருன்னு ஒரு வார்த்தை சொன்னா?"

"ஆறு வீடும் போகும். என் வீடுதான் முதல்ல."

"அதுல என் வீடும் ஒண்ணு. அதனாலதான் இன்னும் இங்க நிக்கிறேன்." கையை நீட்டினான். "பேனாவைக் குடுங்க."

கதவிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். அழுத்திப் போட்டதில் காகிதம் ஓர் இடத்தில் ஓட்டையாகிவிட்டது. திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க வீட்டு ஃபேன் இனிமே நின்னா வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

பெயிண்டர் கீழே இறங்கிக் காருக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா ஒரு பிரதியை வாங்கி, ஓட்டையைப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார். கார் கிளம்பிப் போனது. சாவிக்கொத்து சின்ன நோட்டைக் காரின் சூடு ஆறாத இடத்திலேயே நின்று பிரித்து, ஸ்கேல் வைத்து, இருபத்தெட்டாயிரத்து நூற்றைம்பதின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"ஆச்சு. இனி நீங்க யாரோ, நான் யாரோ."

பெயிண்டர் குனிந்து பார்த்தார். கோடு கடைசிப் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்தது.

"அதையும் சேர்த்து அடிங்க சார்" என்றார். அடித்து முடிக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.